வண்டி நிற்கும் தரை: ஒரு சிறு வரலாறு



புதுச்சேரியில் இன்று வண்டி வாங்குவது பெரிய காரியமில்லை. வாங்கிய வண்டியை நிறுத்த இடம் தேடுவதுதான் பெரிய காரியம். சனி, ஞாயிறு வந்துவிட்டால் சென்னை, பெங்களூர் கார்களும் சேர்ந்துகொள்கின்றன. அதனால் இப்போது கட்டுகிற வணிக வளாகம், கல்யாண மண்டபம், மருத்துவமனை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு பெரிய மைதானம் விட்டு, அதன் மேல் எதையாவது பரப்பிவிடுகிறார்கள். சிலர் தார் போடுகிறார்கள், சிலர் சிமெண்ட் போடுகிறார்கள், பெரும்பாலோர் சிவப்பும் சாம்பலுமாகப் பேவர் பிளாக் பதிக்கிறார்கள். யார் எதற்காக எதைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று கேட்டால் "எல்லாரும் போடறாங்க" என்பதுதான் பதில். இந்தப் பொருள்கள் எங்கிருந்து வந்தன, எது எதற்கு ஏற்றது என்று கொஞ்சம் படித்துப் பார்த்தேன். அதை இங்கே எழுதுகிறேன்.

நம் சிறு வயதில் "பார்க்கிங்" என்ற சொல்லே கிடையாது. பெரிய மார்க்கெட் பக்கம் மாட்டு வண்டிகளை அவிழ்த்து விட்டிருப்பார்கள். புஷ்புஷ் வண்டிக்காரர்கள் பூவரச மர நிழலில் உட்கார்ந்திருப்பார்கள். சினிமா கொட்டகையில் சைக்கிள் ஸ்டாண்டு இருக்கும். தகர வில்லையில் நம்பர் போட்டுக் கொடுப்பார்கள். அங்கெல்லாம் தரை என்பது கோரிமேட்டுப் பக்கத்துச் சிவப்பு கிராவல்தான். மழை பெய்தால் செருப்பில் அப்பும், வெயில் அடித்தால் வேட்டியில் படியும். ஆனால் பெய்த தண்ணீர் அரை மணி நேரத்தில் உள்ளே போய்விடும். அப்போது அதை யாரும் கவனிக்கவில்லை.

மக்கதாம் என்பவர்

எங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் வாத்தியார் ஒருவர் நல்ல சாலையைக் கண்டால் "மக்கதாம்" என்பார். அது ஒரு மனிதரின் பெயர் என்று வெகு காலம் கழித்துத்தான் தெரிந்தது. ஜான் மக்கடம் என்ற ஸ்காட்லாந்துக்காரர், 1756-இல் பிறந்து 1836-இல் இறந்தவர். அவருக்கு முன்பே பிரான்சில் லிமோஷ் நகரத்தில் பொறியாளராக இருந்த பியேர் திரெசாகே என்பவர், 1764 வாக்கில் ஒரு முறையைக் கொண்டுவந்திருந்தார். அடியில் பெரிய கற்களைச் செங்குத்தாக அடுக்குவது, அதன் மேல் சின்னக் கல், எல்லாவற்றுக்கும் மேலே வால்நட் கொட்டை அளவுக்கு உடைத்த கெட்டிக் கல். பாரிசில் சாலை, பாலப் பொறியாளர்களுக்கென்றே 1747-இல் ஒரு பள்ளி ஏற்பட்டிருந்த காலம் அது. சாலை போடுவது கொத்தனார் வேலை என்ற நிலை மாறி, கணக்குப் போட்டுச் செய்யும் வேலை ஆயிற்று.

மக்கடம் ஒரு படி மேலே போனார். அடியில் பெரிய கல்லே வேண்டாம் என்றார். பாரத்தைத் தாங்குவது கல் அல்ல, மண்தான். மண் காய்ந்திருக்கும் வரை எதையும் தாங்கும், நனைந்தால் எதையும் தாங்காது. ஆகவே சாலையின் முதல் வேலை மண்ணை நனையாமல் காப்பது என்பது அவர் கொள்கை. ஒரு கல் ஆறு அவுன்சுக்கு, அதாவது சுமார் 170 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்றும் விதி வைத்தார். கூரிய மூலை உள்ள சின்னக் கற்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு தாமே இறுகும். இன்றைக்குத் தார் போட்டாலும் கான்கிரீட் போட்டாலும், நம்மூருக்குத் திருவக்கரைப் பக்கத்துக் குவாரியிலிருந்து ஜல்லி வந்து இறங்குகிறதே, அதற்கு மூல காரணம் இந்த மனிதர்தான்.

பாரிசின் கல்லும், தார் டாக்டரும்

பாரிஸ் தெருக்களில் அந்தக் காலத்தில் "பவே" என்னும் கன சதுரக் கற்களைப் பதித்திருந்தார்கள். ஒவ்வொரு புரட்சியிலும் மக்கள் அதைப் பெயர்த்துத் தடுப்பரண் கட்டினார்கள். 1848 கலகத்துக்குப் பிறகு பெரிய புல்வார்களில் கல்லை எடுத்துவிட்டு மக்கடம் முறையில் ஜல்லி போட்டார்கள். கலகக்காரர்களுக்குக் கல் கிடைக்கவில்லை. ஆனால் கோடையில் புழுதி, மழையில் சேறு. கடைக்காரர்கள் புலம்பினார்கள். பிறகு, ஸ்விட்சர்லாந்தின் வால் த திரவேர், ரோன் நதிக் கரையிலுள்ள செய்செல் ஆகிய இடங்களில் கிடைத்த இயற்கை அஸ்பால்ட் பாறையைப் பொடித்துச் சூடாக்கி இறுக்கிப் பரப்பும் முறை வந்தது. 1854-இல் பாரிசில் பேர்ஷேர் தெருவில் அப்படிப் போட்டார்கள்.

1968 மே மாதம் மாணவர்கள் மறுபடியும் பவே கற்களைப் பெயர்த்தபோது நமக்குப் பதினேழு, பதினெட்டு வயது. பேப்பரில் அந்தப் படங்களைப் பார்த்தது நினைவிருக்கிறது. கல்லுக்கு அடியில் மணல் தெரிந்தது. கல்லை மணல் மெத்தையில்தான் பதித்திருந்தார்கள். கலகம் ஓய்ந்த பிறகு மாணவர்கள் வட்டாரத் தெருக்கள் பலவற்றை அரசாங்கம் அஸ்பால்டால் மூடிவிட்டது. தரைக்கு எதைப் போடுவது என்பது அரசியலாகவும் இருந்திருக்கிறது.

இன்னொரு சுவையான மனிதர் குக்லியெல்மினெத்தி என்ற ஸ்விஸ் மருத்துவர். மோட்டார் கார் வந்ததும் மக்கடம் சாலைகளில் புழுதி தாங்க முடியவில்லை. மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பெர் இவரிடம் யோசனை கேட்டார். 1902-இல் அங்கே சாலை மேல் சூடான தாரை ஊற்றிப் பூசினார்கள். புழுதி அடங்கியது. மருத்துவருக்கு "தொக்தேர் குத்ரோன்", அதாவது தார் டாக்டர் என்று பெயர் நிலைத்தது. அதே 1902-இல் இங்கிலாந்தில் ஹூலி என்பவர் தாரும் இரும்பு உலைக் கசடும் கலந்த "டார்மாக்" முறைக்குக் காப்புரிமை பெற்றார். அப்போது பயன்பட்டது நிலக்கரித் தார். இன்று நாம் தார் என்று சொல்வது பெட்ரோலியத்தைச் சுத்திகரித்தபின் அடியில் மிஞ்சும் பிட்டுமென். பெயர் மட்டும் மாறவில்லை.

கான்கிரீட்டின் கதை வேறு. ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லண்டு சிமெண்டுக்குக் காப்புரிமை வாங்கியது 1824-இல். ஆனால் அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் பெல்ஃபவுண்டன் என்ற சிற்றூரில் ஜார்ஜ் பார்த்தலமியு என்பவர் தெருவில் முதன்முதலாகக் கான்கிரீட் போட்டது 1891-இல்தான். அதில் ஒரு பகுதி இன்றும் இருக்கிறது.

கடைக்கு முன்னால் மைதானம்

இதுவரை சொன்னது ஓடுகிற வண்டிக்கான தரை. நிற்கிற வண்டிக்கென்று தனித் தரை அமெரிக்காவில்தான் பெருகியது. கான்சாஸ் சிட்டியில் 1923-இல் திறந்த கண்ட்ரி கிளப் பிளாசா, காரில் வருகிறவர்களை மனத்தில் வைத்துத் திட்டமிட்ட கடைத்தொகுதி. 1956-இல் மினியாப்பொலிஸ் அருகே சவுத்டேல் என்ற மூடிய வணிக வளாகம் திறந்தது. வடிவமைத்தவர் வியன்னாவில் பிறந்த விக்டர் குரூன். நடுவில் கட்டடம், சுற்றிலும் ஆயிரக்கணக்கான கார்களுக்கு இடம். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் பிட்டுமென் மலிவாகக் கிடைத்ததால் எல்லாவற்றையும் கறுப்பாக்கிவிட்டார்கள். அந்த மாதிரிதான் உலகெங்கும் பரவியது.

நம் நாட்டில் 1983 டிசம்பரில் முதல் மாருதி கார் வெளிவந்தது. அதன் பிறகு பத்து, பதினைந்து ஆண்டுகளில் நடுத்தரக் குடும்பத்தின் வாசலில் கார் நின்றது. கடைக்காரர்களும் விழித்துக்கொண்டார்கள்.

பேவர் பிளாக் ஹாலந்தின் கொடை. அங்கே தெருவில் செங்கல் பதிப்பது பழைய வழக்கம். இரண்டாம் உலகப் போரில் ஊர்கள் அழிந்து, செங்கல் முழுதும் வீடு கட்டவே போதாமல் இருந்தபோது, அதற்குப் பதிலாகக் கான்கிரீட் கட்டி பதித்தார்கள். ஜெர்மானியர்கள் அதற்குப் பல்லும் வளைவும் வைத்து ஒன்றோடொன்று பூட்டும்படி செய்தார்கள். நம்மூருக்கு வரும்போது அது அழகுப் பொருளாக வந்தது. உண்மையில் அது பாரிஸ் பவேயின் பேரப் பிள்ளைதான். அடியில் அதே மணல் மெத்தை.

ஓடும் வண்டி வேறு, நிற்கும் வண்டி வேறு

இங்கேதான் பலரும் கவனிக்காத விஷயம் இருக்கிறது. சாலைக்கு நல்லது நிறுத்துமிடத்துக்கும் நல்லது என்று நினைத்துவிடுகிறோம்.

ஓடுகிற வண்டியின் பாரம் ஒரு நொடி அழுத்திவிட்டுப் போய்விடும். நிற்கிற வண்டி மணிக்கணக்கில் ஒரே இடத்தில் அழுத்துகிறது. வெயிலில் இளகிய தார் மெல்ல உள்வாங்கும். பைக்கின் சைட் ஸ்டாண்டு பள்ளம் போட்டிருப்பதை எல்லாரும் பார்த்திருப்போம். அடுத்து, நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கைத் திருப்பினால் டயர் தரையைத் துருவி எடுக்கும். மூன்றாவது எண்ணெய்க் கசிவு. பிட்டுமென் பெட்ரோலியத்தின் பிள்ளை. டீசலும் என்ஜின் ஆயிலும் சொட்டினால் அதில் கரைந்துவிடும். கடைசியாக வெயில். நம் சித்திரை வெயிலில் கறுப்புத் தரை 60 டிகிரிக்கு மேல் சுடும். பக்கத்தில் உள்ள கடைக்குள்ளும் அந்தக் காங்கை வரும்.

கான்கிரீட்டுக்கு இந்த நான்கும் பெரிய தொல்லை இல்லை. செலவு கூட. தண்ணீர் கட்டி ஆற வைக்க வேண்டும், முழு வலு வர 28 நாள் ஆகும். கடைக்காரருக்கு அத்தனை பொறுமை இருப்பதில்லை. அரை அடிக் கனத்துக்குச் சுமார் 4 மீட்டருக்கு ஒரு வெட்டு விடாவிட்டால் அதுவே தன் இஷ்டத்துக்கு வெடிக்கும். பின்னால் குழாய் பதிக்க வேண்டுமென்றால் உடைப்பதும் பெரும்பாடு.

பேவர் பிளாக்கில் அந்த வசதி உண்டு. கழற்றி, வேலையை முடித்து, மறுபடி பதித்துவிடலாம். 2006-இல் வந்த இந்தியத் தர நிர்ணயம் 15658 நடைபாதைக்கு 50 மில்லிமீட்டர், கார் போன்ற இலேசான வண்டிக்கு 60, நடுத்தரப் போக்குவரத்துக்கு 80, கனரக வண்டிக்கு 100, அதற்கும் மேலே 120 என்று கனத்தை வகுத்தது. சரக்கு லாரி உள்ளே வரும் கடைக்கு 60 போதாது. கனத்துக்கும் மேலாக முக்கியம் அடியில் இருக்கும் ஜல்லிப் படுகை. அது இறுகாவிட்டால் மேலே எந்தக் கட்டியைப் பதித்தாலும் தொட்டில்தான்.

நான் கணக்குப் பிரிவில் எழுத்தராக இருந்தவன். எம்.புக் என் மேசை வழியாகத்தான் போகும். ஒரு வளாகத்தின் முன்தரை வேலைக்கான கோப்பு நன்றாக நினைவில் இருக்கிறது. எந்த இடம், யார் செய்தார்கள் என்பது இப்போது வேண்டாம். மதிப்பீட்டில் 80 மில்லிமீட்டர் கட்டி, அடியில் உருளையால் இறுக்கிய ஜல்லி இரண்டு அடுக்கு. அளவுப் புத்தகத்திலும் எல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தது. காகிதத்தில் ஒரு குறையும் இல்லை. இரண்டு மழைக்காலம் கழிந்தது. ஓரங்கள் தாழ்ந்து நடுவில் கட்டிகள் பல் மாதிரி எழும்பின. பெயர்த்துப் பார்த்தபோது 60 மில்லிமீட்டர் கட்டி, அடியில் ஜல்லி ஒரு அடுக்கு கூட முழுதாக இல்லை. அந்த எழும்பிய கட்டியில் கால் தடுக்கி என் பள்ளித் தோழர் ஒருவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆறு மாதம் படுக்கை. பிறகு தடி இல்லாமல் அவர் நடக்கவில்லை. இந்த விஷயம் பொறியாளர்களுக்கு மட்டும் உரியதல்ல என்று நான் சொல்வது அதனால்தான். எழுபதைத் தாண்டிய நம் போன்றவர்களுக்கு அரை அங்குல மேடு போதும்.

அதே காரணத்தால் கடை வாசலில் வழவழப்பான கிரானைட்டும் கடப்பாக் கல்லும் பதிப்பதை நான் ஆதரிப்பதில்லை. நனைந்தால் அது சறுக்கு மரம்.

தண்ணீர் எங்கே போகும்?

2024 நவம்பர் 30 இரவை நம்மூர் மறக்காது. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர்க்காரர்களுக்கு நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

நம் பத்திரங்களில் இன்றும் பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன ஆர், சென்ட்டியார் கணக்கு இருக்கிறது. அது இங்கே கைகொடுக்கிறது. ஒரு ஆர் என்பது 100 சதுர மீட்டர். அதன் மேல் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சரியாக 1,000 லிட்டர். அந்தப் புயல் நாளில் ஒவ்வொரு ஆர் நிலத்திலும் 45,000 லிட்டர் விழுந்தது. பத்து ஆர் அளவுள்ள ஒரு கடை முற்றத்தில் நாலரை லட்சம் லிட்டர். பழைய கிராவல் தரையாக இருந்திருந்தால் முதலில் பெய்ததில் ஒரு பங்கையாவது குடித்திருக்கும். தாரும் கான்கிரீட்டும் ஒரு சொட்டும் குடிக்காது. அத்தனையும் தெருவுக்கு வரும், தெரு நிறைந்தால் தாழ்ந்த வீட்டுக்குள் வரும். மறுபக்கம், கடலோரத்தில் போர் போட்டவர்களுக்கு வருடா வருடம் தண்ணீர் உப்புக் கரிக்கிறது. மேலே வெள்ளம், கீழே உப்பு. இரண்டுக்கும் நடுவில் நாம் போட்ட மூடி இருக்கிறது.

வெளிநாடுகளில் இதை முன்பே யோசித்திருக்கிறார்கள். 1961-இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் அருகே ஒரு கலாசார மையத்தில் ஓட்டை வைத்த கான்கிரீட் கட்டிகளைப் பதித்து, நடுவே புல் வளர்த்துக் கார் நிறுத்தினார்கள். 1970-களின் தொடக்கத்தில் பிலடெல்பியாவின் பிராங்க்ளின் நிலையத்தில் தண்ணீரை உள்ளே விடும் தார்க் கலவையை ஆராய்ந்தார்கள். பொடிக் கல்லைக் குறைத்தால் இடைவெளி விழும், அதன் வழியே மழை இறங்கும். 1977-இல் மாசச்சூசெட்சில் வால்டன் குளத்தருகே அப்படி ஒரு வண்டி நிறுத்துமிடம் அமைத்தார்கள். மணல் சேர்க்காத கான்கிரீட்டும் அந்த வகைதான். அதில் ஐந்தில் ஒரு பங்கு போல வெற்றிடம் இருக்கும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நம்மூர்ச் செம்மண் புழுதி அந்தத் துளைகளை அடைத்துவிடும். வருடத்துக்கு ஓரிரு முறை உறிஞ்சிச் சுத்தம் செய்ய ஆள் இல்லையென்றால் நாலு வருடத்தில் அது சாதாரணத் தரையாகிவிடும். நம் பராமரிப்பு எப்படி என்பது உங்களுக்கே தெரியும். ஆகவே நமக்கு எளிதானது, கட்டிகளுக்கு இடையே சற்று அகல இடைவெளி விட்டு, அதில் மணலுக்குப் பதில் பொடி ஜல்லி நிரப்பி, அடியிலும் ஜல்லிப் படுகை போடுவதுதான். அடைத்துக்கொண்டால் அந்த இடைவெளியை மட்டும் கிளறி மாற்றலாம்.

தாரே போடுவதானால் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் காட்டிய வழியில் கழிவுப் பிளாஸ்டிக்கைச் சூடான ஜல்லி மேல் பூசிக் கலக்கலாம். தண்ணீர் ஜல்லிக்கும் தாருக்கும் நடுவே புகுந்து பிரிப்பதை அது குறைக்கிறது. அவருக்கு 2018-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

எதைப் போடலாம்?

என் மைத்துனர் மகன் விழுப்புரம் சாலையில் கடை கட்டுகிறான். "மாமா, கடைசியா எதைத்தான் போடச் சொல்றீங்க?" என்று கேட்டான். ஒரே பொருளை முழுவதும் போட வேண்டாம் என்றேன். லாரி வந்து திரும்பும் பாதைக்குக் கான்கிரீட். கார், பைக் நிற்கும் இடத்துக்கு 80 மில்லிமீட்டர் கட்டி, ஜல்லி இடைவெளியோடு. எப்போதாவது கூட்டம் வந்தால் மட்டும் பயன்படும் பின்பக்கத்துக்குப் புல் கட்டியோ, நம் பழைய கிராவலோ போதும். கடை வாசலிலிருந்து வண்டி வரைக்கும் வயதானவர்கள் நடக்க, சொரசொரப்பான சமதளப் பாதை. நூறு அடிக்கு ஒன்றரை அடி வாட்டம், அந்த வாட்டம் தெருவை நோக்கி அல்ல, தன் இடத்திலேயே வெட்டிய ஜல்லிக் குழியை நோக்கி. இருக்கிற இரண்டு வேப்ப மரத்தையும் விட்டுவைத்து, அடிமரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குச் சிமெண்ட் பூசக் கூடாது. தில்லியில் மரங்களின் கழுத்தை நெரித்த சிமெண்டை அந்த அளவுக்கு அகற்றும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் உத்தரவே போட்டது.

அவனுக்குச் செலவுக் கணக்கு உறுத்தியது. நியாயம்தான். மேல் பூச்சில் மிச்சம் பிடி, அடிப் படுகையில் மிச்சம் பிடிக்காதே என்றேன். மேலே உள்ளது பத்து வருடத்தில் பழசாகும், மாற்றிக்கொள்ளலாம். அடியில் உள்ளது கெட்டால் எல்லாவற்றையும் தோண்ட வேண்டும். வேலை நடக்கும்போது தினம் ஒரு முறை அளவுகோலோடு போய் நின்று, கட்டியின் கனத்தையும் ஜல்லியின் ஆழத்தையும் அளந்து பார்க்கவும் சொன்னேன். மூடிய பிறகு அளப்பதற்கு ஒன்றும் இருக்காது.

இருநூறு ஆண்டுகளுக்கு முன் மக்கடம் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். அடியில் உள்ள மண்ணையும் மேலே விழும் தண்ணீரையும் கவனி என்றார். அவர் தண்ணீரை விரட்டச் சொன்னார், நாம் அதைப் பக்கத்திலேயே குழி வெட்டி உள்ளே அழைக்க வேண்டிய காலத்தில் இருக்கிறோம். உங்கள் பிள்ளைகளோ மருமக்களோ கடை, மண்டபம் என்று எதையாவது கட்டினால், தரை வேலைக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒப்பந்தக்காரரிடம் இரண்டு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். அடியில் எத்தனை அங்குலம் ஜல்லி? மழைத் தண்ணீர் எங்கே போகும்? இரண்டுக்கும் தடுமாறாமல் பதில் சொல்கிறவரிடம் வேலையைக் கொடுக்கலாம்.